கைமாறி வந்த போனில் ஒளிச்சேர்க்கை

வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் மாலை ஆறு மணிக்கு ஒரு கோப்பு வந்து சேர்கிறது. ஒளிச்சேர்க்கை பற்றிய பிபிடி. இருபத்திரண்டு ஸ்லைடுகள், 41 எம்பி. ஆசிரியை ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து செய்தது. இலைகளின் படங்களைத் தன் வீட்டுத் தோட்டத்திலேயே எடுத்துச் சேர்த்திருக்கிறார். மாணவியின் கையில் இருப்பது 2017இல் அப்பா வாங்கி, பிறகு அண்ணனுக்குப் போய், கடைசியில் அவளிடம் வந்து சேர்ந்த போன். தொடுகிறாள். கோப்பு இறங்குகிறது. திரை வெளுக்கிறது, வட்டம் சுற்றுகிறது, முதல் ஸ்லைடு தெரிகிறது. நான்காவதற்கு விரலை நகர்த்தியதும் செயலி தானாக மூடிக்கொள்கிறது. "போன் பழசு, ஹேங் ஆகுது" என்று வீட்டில் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள்.

அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தவறு. போனுக்குள் இருக்கும் சிப் 2017இல் ஒரு நொடிக்கு எத்தனை கணக்குப் போட்டதோ, ஏறக்குறைய அத்தனையை இன்றும் போடும். சிலிக்கானுக்கு அவ்வளவு சீக்கிரம் மூப்பு வராது. கூடியிருப்பது அதன் தலையில் ஏற்றப்படும் பளு. அந்தப் பளுவைக் கூட்டவும் குறைக்கவும் முடிந்தவர் கோப்பைத் தயாரிப்பவர். போனை வைத்திருக்கும் பிள்ளையால் அதில் செய்ய முடிவது கொஞ்சம்தான். நான்காவது ஸ்லைடில் உண்மையில் என்ன நடந்தது என்று பார்த்தால் இது விளங்கும்.

அதற்கு முன், இந்தப் போன் ஏன் முக்கியம் என்று ஒரு வார்த்தை. கிராமப்புற இந்தியாவின் கல்வி நிலையை ஆராயும் அசர் அறிக்கையின்படி, பள்ளியில் சேர்ந்துள்ள பிள்ளைகளில் வீட்டில் ஸ்மார்ட்போன் உள்ளவர்கள் 2018இல் 36.5 விழுக்காடு. கொரோனா ஊரடங்கு வந்துபோன 2021இல் அது 67.6 விழுக்காடு. மூன்றே ஆண்டுகளில் ஏறக்குறைய இரட்டிப்பு. ஆனால் அதே அறிக்கை இன்னொன்றையும் சொல்கிறது: வீட்டில் போன் இருந்தும் அது கைக்கே வராத பிள்ளைகள் நான்கில் ஒருவருக்கு மேல். காரணம் எளிது. நல்ல போன் அப்பாவுடனோ அம்மாவுடனோ காலையில் வேலைக்குப் போய்விடுகிறது. பகல் முழுக்கப் பிள்ளையின் கையில் இருக்கக்கூடியது, விரிசல் விட்ட திரையோடு அலமாரியில் கிடக்கும் பழையது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 2018 முதல் கியூஆர் குறிகள் அச்சாகின்றன. அவற்றைத் திறக்கும் சாவியும் பல வீடுகளில் அதுவேதான். அந்தப் போனில் பாடம் திறக்கிறதா இல்லையா என்பதை நான் ஒரு சின்ன வசதிக் குறைவாகப் பார்க்கவில்லை. பாடம் கிடைத்ததா கிடைக்கவில்லையா என்ற கேள்வியே அதுதான்.

சரி, நான்காவது ஸ்லைடு. அதில் ஆசிரியை எடுத்த செம்பருத்தி இலைப் படம் இருக்கிறது. இன்றைய கேமரா ஒன்றில் எடுத்த சாதாரணப் படம்: அகலவாக்கில் 4000 புள்ளிகள், உயரவாக்கில் 3000. கோப்பின் எடை மூன்று எம்பிதான். ஆனால் கோப்பின் எடையும், அதே படம் திரைக்கு வரும்போது ரேமில் பிடிக்கும் இடமும் வேறு வேறு. கோப்பில் இருப்பது சுருக்கி மடித்த வடிவம். காட்டவேண்டும் என்றால் ஒவ்வொரு புள்ளியையும் பிரித்து எழுதியாக வேண்டும். புள்ளி ஒன்றுக்குச் சிவப்பு, பச்சை, நீலம், ஒளிபுகும் அளவு என நான்கு பைட்டுகள். 4000 × 3000 என்பது ஒரு கோடியே இருபது லட்சம் புள்ளிகள். நான்கால் பெருக்கினால் 48 எம்பி. எண்ணெயில் விழுந்த அப்பளம் போல, மூன்று எம்பி படம் ரேமுக்குள் விழுந்ததும் பதினாறு மடங்கு விரிகிறது.

2017இல் ஆறாயிரம் ரூபாய் அளவில் கிடைத்த போன்களில் 2 ஜிபி ரேம் இருந்தது. அதில் பெரும்பகுதியை ஆண்ட்ராய்டும் அதோடு எப்போதும் ஓடும் செயலிகளும் எடுத்துக்கொள்ளும். மிஞ்சியதையும் ஒரே செயலிக்கு முழுதாகத் தருவதில்லை. ஒவ்வொரு செயலிக்கும் ஒரு வரம்பு உண்டு. ஆண்ட்ராய்டு 8.0-க்கு முந்தைய பதிப்புகளில் படங்களின் புள்ளிகளும் அந்த வரம்புக்குள்ளேயே கணக்கிடப்பட்டன. வரம்பு 192 எம்பி என்று வைத்துக்கொள்வோம். இப்படி விரிந்த படங்கள் நான்கு சேர்ந்தாலே தொட்டாயிற்று. அதற்கு மேல் இடம் கேட்டதும் செயலி விழுந்துவிடும். மாணவியின் திரையில் நடந்தது அதுதான். போன் மெதுவாக இருந்ததால் செயலி மூடவில்லை; இடம் தீர்ந்ததால் மூடியது. இந்த இரண்டையும் நாம் ஒரே "ஹேங்"கில் அடக்கிவிடுவதால்தான் தீர்வும் கண்ணில் படாமல் போகிறது.

இதை ஓரளவு சமாளிக்கும் வழி அந்தப் படத்தின் வடிவத்துக்குள்ளேயே இருக்கிறது. அதன் கதை சொல்லத்தக்கது. பெங்களூரில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய நசீர் அகமது என்ற பொறியாளர், 1972இல் படங்களைச் சுருக்க ஒரு கணித வழி தோன்றி, அதை ஆராய அமெரிக்கத் தேசிய அறிவியல் அமைப்பிடம் நிதி கேட்டார். கிடைக்கவில்லை. ஆனாலும் விடாமல் தன் மாணவர் நடராஜன், நண்பர் கே. ஆர். ராவ் ஆகியோரோடு சேர்ந்து 1974 ஜனவரியில் கட்டுரையை வெளியிட்டார். 1992இல் வந்த ஜேபெக் தரம் அந்தக் கணிதத்தின் மேல் எழுந்தது. உலகில் இன்று எடுக்கப்படும் படங்களில் மிகப் பெரும் பங்கு அந்த மூவரின் சில பக்கங்களுக்குக் கடன்பட்டிருக்கிறது.

ஜேபெக் செய்வது இது: படத்தை எட்டுக்கு எட்டு புள்ளிகள் கொண்ட சிறு சதுரங்களாக வெட்டும். ஒவ்வொரு சதுரத்துக்கும் முதலில் அதன் சராசரி வெளிச்சத்தை எழுதும். பிறகு அதில் உள்ள ஏற்ற இறக்கங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தி எழுதும். கண்ணுக்கு எட்டாத நுணுக்கங்களைக் கழித்துவிடும். இதனால் ஒரு கூடுதல் நன்மை கிடைக்கிறது. சதுரத்துக்கு ஒரு சராசரியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டால், முழுப் படத்தையும் விரிக்காமலே எட்டில் ஒரு பங்கு அளவுள்ள படம் கையில் வந்துவிடும்: 500 × 375, ரேமில் முக்கால் எம்பி. அக்கறையோடு எழுதப்பட்ட செயலி சிறிய திரைக்கு இந்தக் குறுக்கு வழியைத்தான் பயன்படுத்தும். திரைப்பிடிப்புகள் சேமிக்கப்படும் பிஎன்ஜி வடிவத்தில் இந்த வசதி இல்லை. முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை பிரித்தே ஆகவேண்டும். தாவரத்தின் படம் ஜேபெக்காகவும், கோடுகளும் எழுத்துகளுமான விளக்கப்படம் பிஎன்ஜியாகவும் இருப்பதே முறை. புகைப்படத்தைத் திரைப்பிடிப்பாக எடுத்து ஒட்டுவது இரண்டு பக்கமும் நஷ்டம்.

ஆனால் செயலி அக்கறையோடு எழுதப்பட்டதா என்று ஆசிரியைக்கு எப்படித் தெரியும்? தெரியவேண்டியதில்லை. படத்தை அவரே சுருக்கிவிடலாம். பவர்பாயிண்டின் அகலத்திரை ஸ்லைடு 13.33 அங்குல அகலமும் 7.5 அங்குல உயரமும் கொண்டது. அதிலேயே படங்களைச் சுருக்கும் கட்டளை இருக்கிறது. அங்குலத்துக்கு 96 புள்ளிகள் என்ற அளவைத் தேர்ந்தால், ஸ்லைடு முழுவதும் நிறையும் படம் 1280 × 720 புள்ளிகளாகிறது. மாணவியின் ஐந்து அங்குலப் போனின் திரையும் சரியாக 1280 × 720 தான். அதற்கு மேல் அனுப்பும் ஒவ்வொரு புள்ளியையும் அந்தத் திரையால் காட்டவே முடியாது. ரேமை அடைத்துக்கொள்ள மட்டுமே அது வருகிறது. சுருக்கிய பின் அந்த இலைப் படம் ரேமில் 3.7 எம்பி. முன்பிருந்ததில் பதின்மூன்றில் ஒரு பங்கு. வெட்டி ஒதுக்கிய ஓரங்களையும் நீக்கச் சொல்லும் குறியை அதே இடத்தில் தொட்டுவிடவேண்டும்; இல்லாவிட்டால் வெட்டிய பகுதி கண்ணுக்குத் தெரியாமல் கோப்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

பளு எங்கே இருக்கிறது என்று தேட ஒரு நல்ல வழி உண்டு. 2007 பதிப்பு முதல் பவர்பாயிண்ட் கோப்பு என்பது உள்ளுக்குள் ஒரு ஜிப் பொதி. கணினியில் அதன் ஒரு நகலின் பெயர் விகுதியை ஜிப் என்று மாற்றிப் பிரித்தால், உள்ளே ஒவ்வொரு ஸ்லைடும் சில கிலோபைட்டு எழுத்துக் கோப்பாகவும், படங்களும் காணொளிகளும் தனியாக ஒரு மீடியா அடைவிலும் கிடக்கும். 41 எம்பியில் 40 எம்பிக்கு மேல் அந்த அடைவில் இருப்பதைக் கண்ணால் பார்த்த ஆசிரியர், அடுத்த முறை படத்தைச் சுருக்காமல் அனுப்பமாட்டார். கணினி ஆய்வகம் உள்ள பள்ளிகளில் மாணவர்களையே இதைச் செய்யவைக்கலாம். கோப்பு என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

படம் முடிந்தது. எழுத்து? பவர்பாயிண்டை ராபர்ட் காஸ்கின்ஸ் குழுவினர் 1987இல் வெளியிட்டபோது, அது சுவரில் ஒளிவீசும் தகடுகளை அச்சிடுவதற்கான கருவி. அறை முழுக்க உட்கார்ந்திருப்பவர்கள் தூரத்திலிருந்து பார்ப்பதற்கான அளவுகள் அதன் பிறப்பிலேயே கலந்தவை. ஐந்து அங்குலப் போனைப் படுக்கைவாக்கில் பிடித்தால் திரையின் அகலம் சுமார் 11 சென்டிமீட்டர். ஸ்லைடின் அகலமோ கிட்டத்தட்ட 34. அதாவது எல்லாம் மூன்றில் ஒன்றாகச் சுருங்குகிறது. 18 புள்ளி (பாயிண்ட்) அளவில் அடித்த எழுத்து போனில் 6 புள்ளியாகத் தெரியும். மருந்துப் பெட்டியில் ஒட்டிய பொடி எழுத்தின் அளவு. 30 புள்ளியில் அடித்தால்தான் செய்தித்தாளைப் படிப்பதுபோல் படிக்கலாம். தமிழுக்கு இது இன்னும் அவசியம். 'ணை', 'னை' இரண்டையும் பிரித்தறிய ஒரு சுழி போதும் என்பது பெரிய எழுத்தில்தான் உண்மை. ஆறு புள்ளியில் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 30 புள்ளியில் ஒரு ஸ்லைடில் ஏழெட்டு வரிக்கு மேல் நிற்காது என்று ஆசிரியர்கள் தயங்குவதுண்டு. ஸ்லைடைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஐம்பது ஸ்லைடு எழுத்தை விட ஒரு செம்பருத்தி இலை அதிக இடம் பிடிக்கும் என்பதை மேலே பார்த்தோம்.

எழுத்துருவில் இருக்கிறது தமிழுக்கே உரிய சிக்கல். நம் பள்ளிகளிலும் அச்சகங்களிலும் இன்னும் பாமினி என்ற எழுத்துருவில் அடித்த கோப்புகள் புழங்குகின்றன. யூனிகோடு பரவலாவதற்கு முன் தமிழைக் கணினிக்குள் கொண்டுவந்தவற்றுள் இந்த வகை எழுத்துருக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் எத்தனையோ இதழ்கள் அதில்தான் வந்தன. ஆனால் அவை செய்தது ஆங்கில எழுத்துகளின் இருக்கையில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்தது மட்டுமே. எழுத்துரு இருக்கும்வரை தமிழ் தெரியும். போனில் அந்த எழுத்துரு கிடையாது. அதனால் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளாகவும் கடைசியில் ஓர் அரைப்புள்ளியாகவும் தெரியும். இதையும் போனின் பழமை மேல் போடுவார்கள். நேற்று வாங்கிய போனிலும் இதேதான் நடக்கும். யூனிகோடில் அடித்திருந்தால் 2017ஆம் ஆண்டு போன் அதை ஒழுங்காகவே காட்டும். ஆனால் லதா, நிர்மலா போன்ற விண்டோஸ் எழுத்துருக்கள் ஆண்ட்ராய்டில் இல்லாததால் போன் தன்னிடம் உள்ள வேறொன்றைப் போட்டுக்கொள்ளும். அகலம் மாறும், வரிகள் பெட்டிக்கு வெளியே வழியும்.

இதற்கெல்லாம் ஒரே மருந்து என்று நான் துணிந்து சொல்வது பிடிஎஃப். 1993இல் அடோபி நிறுவனம் வெளியிட்டு, 2008இல் உலகத் தரமாக ஏற்கப்பட்ட வடிவம். எழுத்துகளின் வடிவங்களைக் கோப்புக்குள்ளேயே எடுத்துச் செல்லும் என்பதால் ஆசிரியை பார்த்த அதே பக்கத்தை மாணவியும் பார்ப்பாள். அசைவூட்டம் போய்விடும். இலையின் மேல் அம்புக்குறிகள் ஒவ்வொன்றாக வருவது முக்கியம் என்றால் ஒவ்வொரு நிலையையும் தனி ஸ்லைடாக வைத்துவிடலாம். ஒரு எச்சரிக்கை: பாமினி கோப்பைப் பிடிஎஃப் ஆக்கினால் கண்ணுக்குத் தமிழாகத் தெரியுமே தவிர, உள்ளே இருப்பது அந்த ஆங்கில எழுத்துகள்தான். தேடினால் கிடைக்காது. பார்வையற்ற மாணவர் திரைவாசிப்பியில் கேட்டால் பொருளற்ற ஆங்கில ஒலிகள் மட்டுமே காதில் விழும். அந்த ஒரு மாணவருக்காகவேனும் யூனிகோடில் அடிக்கவேண்டும்.

கோப்பு போனுக்குள் வந்துவிட்டால் மேலே சொன்னவை போதும். இணையத்தில் போய்ப் படிக்கவேண்டும் என்றால் வேறொரு சுவர் குறுக்கே நிற்கும். பாதுகாப்பான ஒவ்வொரு தளமும் தன்னை அடையாளம் காட்ட ஒரு சான்றிதழைக் காட்டும். அதை நம்பலாமா என்று போன் தனக்குள் இருக்கும் ஒரு பட்டியலைப் பார்த்து முடிவு செய்யும். போனுக்குப் புதுப்பிப்பு வருவது நின்றதும் அந்தப் பட்டியலும் உறைந்துவிடுகிறது. கோடிக்கணக்கான தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு 2020 நவம்பரில் இதை வெளிப்படையாகச் சொன்னது: ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தைய போன்களுக்குத் தங்கள் புதிய மூலச் சான்றிதழ் தெரியாது. அப்போது புழக்கத்தில் இருந்த ஆண்ட்ராய்டு போன்களில் மூன்றில் ஒரு பங்கு அந்த வகை. பிறகு ஒரு மாற்று வழி கண்டுபிடித்து 2024 செப்டம்பர்வரை தள்ளிப்போட்டார்கள். அந்தக் கெடுவும் முடிந்துவிட்டது. பழைய போனில் சில தளங்கள் மட்டும் திறக்க மறுப்பதற்கு இது ஒரு காரணம். ஃபயர்பாக்ஸ் உலாவி தன் சொந்தப் பட்டியலை வைத்திருப்பதால் அதில் முயன்று பார்க்கலாம். அதற்கும் முன் போனின் தேதியைப் பாருங்கள். பேட்டரி முழுதாக இறங்கிக் கிடந்த போன் தேதியை மறந்திருக்கும். தேதி தப்பினால் எல்லாச் சான்றிதழும் தப்பாகவே தெரியும். இணையமே இல்லாத இடத்துக்குக் கிவிக்ஸ் என்ற செயலி இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவை மெமரி கார்டில் இறக்கிவைத்துப் பேருந்தில் படிக்கலாம். ஒன்றை மட்டும் கறாராகச் சொல்லவேண்டும்: பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்ற போனில் வங்கிச் செயலியும் பணப்பரிமாற்றமும் வேண்டாம். படிப்புக்கு மட்டும் அது இருக்கட்டும்.

நிஜமாகவே மெதுவாகும் பகுதி ஒன்று உண்டு: சேமிப்பகம். 16 ஜிபி போனில் முக்கால்வாசி குடும்பக் குழுக்களின் காலை வணக்கப் படங்களாலும் காணொளிகளாலும் நிறைந்திருக்கும். பிளாஷ் நினைவகம் சிறு சிறு பக்கங்களாக எழுதும். அழிப்பதோ பெரிய தொகுதிகளாக. காலி இடம் குறையக் குறைய, ஒரு பக்கம் எழுத ஒரு தொகுதியையே நகர்த்தி அழிக்கவேண்டி வரும். வாட்ஸ்அப்பில் தானாக இறங்குவதை நிறுத்திவிட்டு, ஐந்தில் ஒரு பங்கு இடத்தைக் காலியாக வைத்தால் போதும்.

இவ்வளவு சிரமப்பட்டு ஏன் ஒரு பழைய போனைக் காப்பாற்றவேண்டும்? காசு ஒரு காரணம். இன்னொன்று, போனின் கரிம உமிழ்வு பெரும்பாலும் அது நம் கைக்கு வருமுன்பே நடந்துமுடிந்துவிடுகிறது. ஆப்பிள் தன் ஐபோன்களுக்கு வெளியிடும் சூழல் அறிக்கைகளில், மொத்த உமிழ்வில் ஐந்தில் நான்கு பங்கு அளவு உற்பத்தியிலிருந்து வருவதாகக் கணக்கிடுகிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பயன்படுத்தப்பட்ட பிக்சல் 3ஏ போன்கள் பத்தை இணைத்து ஒரு சிறு சர்வராகவே ஓட்டிக் காட்டினார்கள். திரைக்குப் பின்னால் இருக்கும் கணினி, போனை நாம் கைவிட்ட பிறகும் அத்தனை திறனோடு இருக்கிறது.

உண்மையில் மூப்படைவது பேட்டரி. லித்தியம் அயனிப் பேட்டரி சில நூறு முறை சார்ஜ் ஆனதும் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். அதைவிடத் தொல்லை தருவது, அதன் உள்மின்தடை கூடுவது. சிப் திடீரென அதிக மின்னோட்டம் கேட்கும் கணத்தில் மின்னழுத்தம் சரிந்து, 30 விழுக்காடு காட்டிக்கொண்டிருந்த போன் சட்டென அணையும். ஆப்பிள் 2017இல் பழைய ஐபோன்களின் வேகத்தைக் குறைத்தது இப்படி அணைவதைத் தடுக்கத்தான். அதைப் பயனர்களிடம் முன்பே தெளிவாகச் சொல்லாததால் பெரிய எதிர்ப்பு எழுந்து, பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 ஆகக் குறைத்தது. பேட்டரி மாற்றியதும் அந்தப் போன்களின் வேகம் திரும்பியது.

வெப்பம்தான் பேட்டரியின் முதல் எதிரி. 40 டிகிரியில் முழுச் சார்ஜோடு ஓராண்டு சும்மா வைத்திருந்தாலே மூன்றில் ஒரு பங்கு கொள்ளளவு போய்விடும். அதே வெப்பத்தில் 40 விழுக்காடு சார்ஜில் வைத்தால் இழப்பு அதில் பாதிக்கும் குறைவு. வேலூரிலோ மதுரையிலோ மே மாதத்தில் தகர ஷெட்டின் கீழ் இது பெரிய வித்தியாசம். சார்ஜ் போட்டுக்கொண்டே காணொளி பார்ப்பது, தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் ஏற்றுவது இரண்டையும் பிள்ளைகளிடம் நிறுத்தச் சொல்லவேண்டும். 80 விழுக்காட்டில் கழற்றிவிடலாம். நல்ல கடையில் தரமான பேட்டரி மாற்றிக்கொண்டால் போன் இன்னும் சில ஆண்டுகள் ஓடும்.

பின்மூடி உப்பினாலோ, திரை ஓரத்தில் தூக்கிக்கொண்டு நின்றாலோ கதை வேறு. உள்ளே மின்பகுபொருள் சிதைந்து வாயு சேர்ந்திருக்கிறது என்று பொருள். அமுக்கக் கூடாது, குத்தக் கூடாது, சார்ஜரில் செருகக் கூடாது. அணைத்து, எளிதில் தீப்பிடிக்கும் பொருள்கள் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு, கழற்றிப் பழகிய கடைக்காரரிடம் கொண்டுபோகவேண்டும். பேட்டரி மின்கழிவு சேகரிப்பவரிடம் போகட்டும். புதிய பேட்டரி கிடைத்தால் போன் அன்று மாலையே பாடத்துக்குத் திரும்பிவிடும். கிடைக்காவிட்டால் மெமரி கார்டைக் கழற்றி அடுத்த போனில் போட்டுக்கொள்ளலாம்.